தில்லைநகரில் சிபிடி தெரிந்தவர் யார்?

கூகுள் மேப்பில் ‘சைக்காலஜிஸ்ட் நியர் மீ’ என்று தட்டினால் திருச்சியில் என்ன வரும் தெரியுமா? மேலே இரண்டு மூன்று மனநல மருத்துவமனைகள். கீழே குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் இடம், ஹிப்னோதெரபி சொல்லித்தருபவர், நீட்டில் மார்க் குறைந்த பிள்ளைகளைத் தேற்றுபவர், கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் கவுன்சலிங் தருபவர், எப்படியோ உள்ளே நுழைந்துவிட்ட ஒரு ஜோசியர். எல்லோருக்கும் நாலரை நட்சத்திரம். ‘சிபிடி’ என்று சேர்த்துத் தட்டினாலும் பட்டியல் பெரிதாகச் சுருங்காது. முக்கால்வாசிப் பேர் தங்கள் பக்கத்தில் சிபிடி என்று போட்டிருப்பார்கள். பக்கத்திலேயே ரெய்கி, என்எல்பி, இன்னர் சைல்டு ஹீலிங் என்றும் போட்டிருப்பார்கள்.

‘நல்ல கவுன்சிலர் யாராவது தெரியுமாண்ணே?’ என்று இன்பாக்ஸில் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்வதைவிட இங்கே எழுதி வைத்துவிட்டால் லிங்க் அனுப்பிவிடலாம் என்பதுதான் இந்தப் பதிவின் பின்னணி. எனக்குத் தெரிந்தது ஒரு வகைச் சிக்கல், ஒரு ஊர். அதை வைத்துத்தான் பேசுகிறேன்.

என் சிக்கல் பேனிக். அதற்கு அப்படி ஒரு பெயர் உண்டு என்று தெரிய வந்ததற்கு முன்னால் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கேஸ். நெஞ்சு படபடக்கும், கை மரத்துப்போகும், மூச்சு பாதியில் நிற்பது போல இருக்கும், ‘இன்னிக்குப் போயிடுவோம்’ என்று தோன்றும். சித்தி பெருங்காயத்தைக் கரைத்துக் கொடுப்பார். நானே போய் கோலி சோடா குடிப்பேன். பத்து இருபது நிமிடத்தில் அடங்கிவிடும் (பேனிக் தானாகவே அந்த நேரத்தில் அடங்கத்தான் செய்யும்; புகழ் சோடாவுக்குப் போய்விடும்). அப்புறம் இசிஜி, எக்கோ, ட்ரெட்மில். எல்லாம் நார்மல். கடைசியாகப் பார்த்த இதய மருத்துவர்தான் ரிப்போர்ட்டை மூடிவைத்துவிட்டு, “ஹார்ட் நல்லா இருக்கு. நீங்க ஒரு சைக்கியாட்ரிஸ்ட்டைப் பாருங்க. சிபிடி தெரிஞ்ச சைக்காலஜிஸ்ட் கிடைச்சா இன்னும் நல்லது” என்றார். யாரைப் பார்ப்பது என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை.

சிபிடி என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் ஆளைத் தேட முடியாது. காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி. அறிதல்-நடத்தை சிகிச்சை என்று தமிழில் எழுதுகிறார்கள், யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. 1960களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் தொடங்கியது. அவர் ஃபிராய்டு வழியில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வில் இருப்பவர்கள் ஆழ்மனத்தில் புதைந்த எதையோ சுமக்கிறார்கள் என்பதை நிரூபிக்கப் போய், அவர்கள் மனதில் நொடிக்கு நொடி ஓடும் சின்னச் சின்ன எண்ணங்கள்தான் அவர்களை அழுத்துகின்றன என்று கண்டார். ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’, ‘இது சரியாகவே ஆகாது’ மாதிரி. அந்த எண்ணத்தைப் பிடித்து, உண்மையா என்று சோதித்து, நடத்தையையும் மாற்றிப் பார்ப்பது. மொத்தமும் இவ்வளவுதான். பெக் 2021இல் தன் நூறாவது வயதில் இறந்தார். பேனிக்குக்கு இதைப் பொருத்தியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் டேவிட் கிளார்க். உடம்பில் ஏற்படும் சாதாரண மாற்றத்தை ‘இது ஹார்ட் அட்டாக்’ என்று தப்பாகப் படிப்பதுதான் பேனிக்கைக் கிளப்புகிறது என்று 1986இல் எழுதினார்.

பாசிட்டிவாக யோசிப்பது சிபிடி ஆகாது. இதை நூறு முறை சொல்லலாம். ‘எல்லாம் நல்லதா நினைங்க சார்’ என்று ஒருவர் சொன்னால் அவர் அன்பானவராக இருக்கலாம், சிபிடி செய்யவில்லை.

அடுத்தது யார் யார் என்ற குழப்பம். மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து எம்டி அல்லது டிபிஎம் படித்தவர்; மாத்திரை எழுதுவார். நேரம் இருந்தால் பேசவும் செய்வார், ஆனால் வெளியே பெஞ்சில் நாற்பது பேர் இருக்கும்போது நேரம் எங்கே இருக்கும்? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் மருத்துவமனையில் பயிற்சியோடு எம்ஃபில் அல்லது அதற்கு ஈடான படிப்பு முடித்து, ஆர்சிஐ என்ற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிந்தவர். அதற்கான சட்டம் 1992இல் வந்தது. பதிவு எண் கேட்டு வாங்கி ஆர்சிஐ இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். எண் கேட்பது மரியாதைக் குறைவு என்று நமக்கு ஒரு தயக்கம் உண்டு. எலக்ட்ரீஷியனிடம் லைசென்ஸ் கேட்க மாட்டோம், வக்கீலிடம் பார் கவுன்சில் எண் கேட்க மாட்டோம். இங்கே கேளுங்கள். பதிந்தவர் கோபப்பட மாட்டார், பெரும்பாலும் பெயர்ப் பலகையிலேயே போட்டிருப்பார்.

இவர்களைத் தவிர எம்எஸ்சி சைக்காலஜி படித்த கவுன்சிலிங் சைக்காலஜிஸ்ட்டுகள், மனநல சமூகப் பணியாளர்கள், ஆறு மாத டிப்ளமோ வாங்கியவர்கள், வார இறுதி ஒர்க்‌ஷாப் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியவர்கள் என்று ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. ‘கவுன்சிலர்’ என்று பலகை மாட்டுபவரை நடைமுறையில் யாரும் தடுப்பதில்லை. அதற்காக ஆர்சிஐ எண் இல்லாதவர் எல்லாம் போலி என்று சொல்ல வரவில்லை. எண் இருப்பவர் எல்லாம் சிபிடி நன்றாகச் செய்வார் என்றும் இல்லை. பலர் ஐக்யூ டெஸ்ட், ஆட்டிசம் மதிப்பீடு என்று அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் செய்த ஆய்வு 2017இல் லான்செட்டில் வெளியானது. மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களைச் சந்திக்க வைத்தார்கள். ஆறிலிருந்து எட்டு அமர்வுகள், நடத்தையை மாற்றுவதை மையமாக வைத்த எளிய முறை. நல்ல பலன் இருந்தது. ஆனால் அந்தக் கவுன்சிலர்கள் தங்கள் அமர்வுகளைத் தொடர்ந்து ஒருவருக்கொருவர் சரிபார்த்துக் கொண்டார்கள், மேலே நிபுணர்கள் இருந்தார்கள். எனக்கு அந்தக் கடைசி விஷயம்தான் பெரிதாகத் தெரிகிறது. தனியறையில் தனியாளாக, யாரிடமும் எதையும் கலந்துகொள்ளாமல் உட்கார்ந்திருப்பவரிடம் எனக்குக் கொஞ்சம் பயம்.

தில்லைநகர் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு கிராஸிலும் ஆஸ்பத்திரி, ஸ்கேன் சென்டர், மருந்துக்கடை. அங்கேயும் புத்தூர் பக்கமும் கிடைத்த எண்களுக்கெல்லாம் மதிய உணவு இடைவேளையில் கம்பெனி காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நின்று போன் போட்டேன். நான் கேட்டது ஒரே கேள்விதான்: “எனக்குப் பேனிக் அட்டாக் வருது. உங்ககிட்ட வந்தா என்ன செய்வீங்க?”

இந்த ஒரு கேள்வியைப் பரிந்துரைக்கிறேன். உங்கள் சிக்கலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ‘சிபிடி செய்வீங்களா’ என்று கேட்டால் எல்லோரும் ‘செய்வோம்’ என்பார்கள். ‘என்ன செய்வீங்க’ என்று கேட்டால்தான் ஆள் தெரியும்.

ஒருவர், “மைண்டை ரிலாக்ஸ் பண்ணிட்டா போதும் சார், மூணே சிட்டிங்ல கிளியர்” என்றார். இன்னொருவர், “சின்ன வயசுல அப்பாகூட உறவு எப்படி?” என்று போனிலேயே ஆரம்பித்துவிட்டார். பேக்கேஜ் விலை சொன்னவர் உண்டு. “நேர்ல வாங்க, போன்ல எதுவும் சொல்றதில்லை” என்றவரும் உண்டு. அது நியாயம்தான், ஆனால் முறையைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்வதில் என்ன ரகசியம் என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு பெண் குரல் வேறு மாதிரி இருந்தது. “முதல்ல ஒரு தடவை முழுசா விசாரிப்பேன். பேனிக்தான்னு உறுதியானா, அது எப்படிச் சுத்துதுன்னு நீங்களும் நானும் பேப்பர்ல வரைவோம். அப்புறம் உங்களுக்குப் பயமா இருக்குற உடம்பு மாற்றங்களை இங்கேயே வேணும்னே வரவைப்போம். வாரா வாரம் வீட்டுப்பாடம் இருக்கும். மூணு நாலு மாசத்துல முடிச்சுடலாம், முன்னேற்றம் இல்லைன்னா அதையும் பேசுவோம்.” தைராய்டு பார்த்தாச்சா, காபி எவ்வளவு குடிக்கிறீங்க என்றும் கேட்டார். தைராய்டு அதிகமானாலும் இதே படபடப்பு வரும் என்பதால் அந்தக் கேள்வி. போனை வைக்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

அவர் சொன்ன பதிலில் என்ன இருந்தது என்று பிறகு படித்தபோதுதான் புரிந்தது. காலக்கெடு இருந்தது. இங்கிலாந்தில் சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பின் கையேடு பேனிக்குக்கு மொத்தம் ஏழிலிருந்து பதினான்கு மணி நேர சிபிடி, நான்கு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்கிறது. மனச்சோர்வுக்கும் ஓசிடிக்கும் (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப விரட்டும் சிக்கல்) கணக்கு வேறு, ஆனால் ‘வருஷக்கணக்கா வந்துட்டே இருங்க’ என்பது அநேகமாக எதற்கும் இல்லை. வீட்டுப்பாடம் இருந்தது. பயத்தை நேராகப் போய்ப் பார்க்கும் திட்டம் இருந்தது. ஓசிடிக்காகத் தேடுபவர்கள் இந்த இடத்தில் ‘இஆர்பி செய்வீங்களா’ என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். அழுக்கைத் தொட்டுவிட்டு கை கழுவாமல் இருக்கப் பழக்கும் முறை அது. கை கழுவும் எண்ணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே மட்டும் இருந்தால் ஓசிடி அசையாது.

முதல் அமர்வில் பெரும்பாலும் கேள்விகள், பிறகு பதற்றத்தையும் மனச்சோர்வையும் அளக்கும் ஜிஏடி-7, பிஎச்க்யூ-9 என்ற இரண்டு தாள்கள். டிக் அடிக்க வேண்டியவை. சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடி அதையே நிரப்புவோம், எண் இறங்குகிறதா என்று பார்க்க. ஆங்கிலத் தாளை நீட்டிவிட்டு, “தமிழ்லயும் இருக்கு, எது வசதி?” என்று கேட்டார். இதையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அலுவலகத்தில் ஆங்கிலத்தில் மெயில் அனுப்புபவர்களுக்குக்கூடப் பயம் தமிழில்தான் வருகிறது.

இரண்டாவது மூன்றாவது வாரத்தில் நடந்ததை மறக்க முடியாது. ஜூஸ் கடை ஸ்ட்ரா ஒன்றைக் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக மட்டும் ஒரு நிமிடம் மூச்சு விடச் சொன்னார். பிறகு வேகவேகமாக மூச்சை இழுத்து விடச் சொன்னார். தானும் கூடவே செய்தார். தலை சுற்றியது, விரல் நுனி மரத்தது, நெஞ்சு அடித்தது. அச்சு அசலாக என் ‘அட்டாக்’. “இப்ப மனசுல என்ன ஓடுது?” மயங்கி விழுந்துவிடுவேன் என்றேன். “இதுவரைக்கும் எத்தனை தடவை விழுந்திருக்கீங்க?” ஒருமுறைகூட இல்லை. பேனிக்கில் ரத்த அழுத்தம் பொதுவாக ஏறும், மயக்கம் வர அது சட்டென இறங்க வேண்டும் என்று விளக்கினார். இந்த ஒரு தகவல் எனக்குச் செய்ததை எந்த ஆறுதலும் செய்ததில்லை.

வீட்டுப்பாடம் ஒரு நாற்பது பக்க நோட்டில். ஒரு பக்கம் இப்படி இருந்தது: ‘மாலை ஆறே கால். ஒன்றாம் நம்பர் பஸ். காவிரிப் பாலத்து நடுவில் டிராஃபிக். பயம் நூற்றுக்குத் தொண்ணூறு. நினைப்பு: இங்கே ஏதாவது ஆனால் ஆம்புலன்ஸ்கூட வர முடியாது.’ அடுத்த கட்டத்தில் அதற்கு ஆதரவான சான்று, அதற்கடுத்து எதிரான சான்று. எதிர்ப்பக்கத்தில் நான் எழுதியிருந்தேன்: ‘நேற்றும் இதே இடத்தில் இதே நினைப்பு. வீட்டுக்குப் போய் சப்பாத்தி சாப்பிட்டேன்.’

நோட்டைப் படித்துவிட்டு அவர் கேட்டது சட்டைப்பையைப் பற்றி. அதில் எப்போதும் ஒரு கேஸ் மாத்திரை அட்டை இருக்கும், கையில் தண்ணீர் பாட்டில், உட்காருவது ஜன்னலோரம், மனைவி எண் ஸ்பீடு டயலில். இவையெல்லாம் உங்களைக் காப்பாற்றுகின்றன என்று நம்பும்வரை பயம் போகாது என்றார். அடுத்த வாரம் பாட்டில் இல்லாமல் ஸ்ரீரங்கம். அதற்கடுத்து மாத்திரை இல்லாமல். அதற்கும் அடுத்து மலைக்கோட்டை: உச்சிப்பிள்ளையார்வரை நானூறுக்கும் மேற்பட்ட படிகள், இடையில் நின்று நாடி பிடித்துப் பார்க்கக் கூடாது. மேலே போய்ச் சேர்ந்தபோது என் இதயம் அடித்த அடி பக்கத்தில் நின்ற பாட்டிக்கும் அடித்திருக்கும். அவர் பாட்டுக்கு விபூதி பூசிக்கொண்டிருந்தார்.

சொந்த ஊரிலேயே ஆளைத் தேடுவது ஏன் முக்கியம் என்றால் இதற்காகத்தான். பேசுவதற்கு மட்டும் என்றால் வீடியோ கால் போதும். வீடியோவில் சிபிடி நன்றாகவே நடக்கிறது, புதுக்கோட்டையிலும் அரியலூரிலும் இருப்பவர்களுக்குப் பல நேரம் அதுதான் வழி. ஆனால் நம் பயம் எந்தப் பஸ்ஸில், எந்தப் பாலத்தில், எந்த மாமியார் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தவர் கொடுக்கும் வீட்டுப்பாடம் வேறு. ஒருமுறை அவரே பாதி வழிவரை பஸ்ஸில் வந்தார், இரண்டு சீட் தள்ளி, தெரியாதவர் மாதிரி.

பக்கத்தில் இருப்பதில் ஒரு தொல்லையும் உண்டு. வெயிட்டிங் ஹாலில் தெரிந்த முகம். ‘என்னப்பா இங்க?’ என்று கேட்க இந்த ஊரில் யாருக்கும் கூச்சம் கிடையாது. சொந்தக்காரர் சிபாரிசு செய்யும் தெரபிஸ்ட்டைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கட்சி. என் நண்பர் ஒருவர் குடும்ப நண்பரான கவுன்சிலரிடம் போக, அங்கே பேசியது அம்மா காதுக்கு வந்துவிட்டது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கும் உரிமையைத் தெளிவாகத் தருகிறது. நம் ஊர் மாமாக்களுக்கு அந்தச் சட்டம் தெரியாது.

பணம். நான் விசாரித்த இடங்களில் ஓர் அமர்வு ஐந்நூறில் ஆரம்பித்து இரண்டாயிரத்தைத் தொட்டது. பத்துப் பன்னிரண்டு அமர்வு என்று கணக்குப் போட்டால் சம்பளக்காரனுக்கு இடிக்கும். இடைவெளியைக் கூட்டிக்கொள்ள முடியுமா, கட்டணம் குறைக்க முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. மனநோய்க்கும் மற்ற நோய்களைப் போலவே காப்பீடு தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது; ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும் என்பதால் நம் வாராந்திர அமர்வுக்கு அது உதவாது.

அரசு வழியை நம்மில் பலர் யோசிப்பதே இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, காசு கிடையாது. காலையில் ஓபி சீட்டு வாங்கிவிட்டு, ‘சைக்காலஜிஸ்ட் என்னிக்கு இருப்பாங்க?’ என்று குறிப்பாகக் கேளுங்கள். கூட்டத்தில் முக்கால் மணி நேரம் கிடைப்பது சிரமம், ஆனால் நோயைச் சரியாகக் கண்டுபிடித்து மாத்திரை தொடங்க அதைவிட நல்ல இடம் தனியாரில் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14416க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ்; தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. கிளினிக்கல் சைக்காலஜி மாணவர்கள் மூத்தவர்களின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் இடங்களும் உண்டு: பெங்களூரு நிம்ஹான்ஸ், சென்னையில் ஸ்ரீராமச்சந்திரா. மாணவர் என்று முகம் சுளிக்க வேண்டாம். வாரா வாரம் யாரோ ஒருவர் அவர்கள் வேலையைச் சரிபார்க்கிறார்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். காதில் குரல் கேட்கிறது, நாலைந்து நாளாகத் தூக்கமே இல்லாமல் உற்சாகமாக ஓடிக்கொண்டிருக்கிறார், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் சிபிடி ஆளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் மனநல மருத்துவர், அதுவும் அன்றைக்கே. கூட ஒருவர் இருக்கட்டும். இரவாக இருந்தால் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு. தற்கொலை எண்ணத்துக்கென்றே சென்னையில் 1986 முதல் இயங்கும் ‘சிநேகா’ அமைப்பும் இருக்கிறது.

பொருந்தவில்லை என்றால் எப்போது விலகுவது? நான்கு அமர்வுக்குப் பிறகும் ‘நாம் இப்போது எதைச் சரிசெய்துகொண்டிருக்கிறோம்’ என்பதை உங்களால் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை என்றால், அவரிடமே கேளுங்கள். பதிலில் திட்டம் இருந்தால் தொடரலாம். சிபிடியில் இப்படிக் கேட்பது குற்றமே இல்லை, சேர்ந்து வேலை செய்வதுதான் அதன் முறை. சிரித்து மழுப்பினாலோ, ‘என்மேல நம்பிக்கை இல்லையா’ என்றாலோ, அடுத்த வீதிக்குப் போகலாம்.

விலகச் சங்கடப்பட்டு மாதக்கணக்கில் இழுப்பவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் செய்தி எழுதித் தருகிறேன், அப்படியே காப்பி செய்துகொள்ளுங்கள்: ‘வணக்கம் மேடம். அமர்வுகளை இத்துடன் நிறுத்திக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன். இதுவரை செய்த உதவிக்கு நன்றி. என் மதிப்பீட்டுத் தாள்கள், குறிப்புகளின் நகல் ஒன்று கிடைத்தால் அடுத்து பார்ப்பவரிடம் கொடுக்க வசதியாக இருக்கும்.’ பதிவேட்டைக் கேட்டுப் பெறும் உரிமையும் அதே 2017 சட்டத்தில் இருக்கிறது. நகல் வாங்காமல் வந்தால் புதிய இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும், அதற்கும் கட்டணம் உண்டு.